காப்பி என்னும் பூனை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, சங்கச் செயற்குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, இவ்வுரை எப்போது முடியும், தங்கள் நாடகம் எப்போது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் அருமைக் குழந்தைகளே!

இரண்டு மாதங்களுக்கு முன் நம் செயலாளர் செம்பூரில் என் இல்லத்திற்கு வந்து, 'குழந்தை இலக்கியம்' என்னும் பொருள் பற்றி இவ்விழாவில் பேச வேண்டும் என்று பணித்தார். பொருளோ பெரிது, அளிக்கப்பட்ட காலமோ இருபது நிமிடம். பாற்கடலைக் கண்ட பூனை அதனை முழுவதும் நக்கிப் பருகிவிடலாம் என்று புகுந்ததைப் போலத் தாமும் இராமகாதை பாடத் துணிந்ததாகக் கம்பர் அவையடக்கம் கூறினார். கம்பருக்கே அந்நிலை என்றால், தாராவியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்குக் கடல் எதற்கு? "எனக்கு ஒரு கிண்ணம் பால் போதும் ஐயா, ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவரும் மனமுவந்து இசைந்தார். அந்தப் புத்தகத்திலும் ஒரு பூனை இருப்பதை அவரிடம் அன்று நான் சொல்லவில்லை.

அப்பூனையின் பெயர் காப்பி. மாதுங்காவிலிருந்து வந்திருக்கும் அன்பர்களின் முகம் மலர்வதை மேடையிலிருந்தே காண்கிறேன். ஆம், நீங்கள் நாள்தோறும் காலையில் பருகும் அதே காப்பிதான்.

'கேட்ச் தட் கேட்!' என்பது நூலின் பெயர். 'அந்தப் பூனையைப் பிடி!' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் தாரிணி விஸ்வநாத். படம் தீட்டியவர் நான்சி ராஜ். 1996-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்று, தமிழும் மராத்தியும் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் குழந்தை நூல்களை வெளியிட்டுவரும் துலிகா பதிப்பகம் 2013-இல் இதனை வெளியிட்டது. என் கைக்குக் கிட்டியது ஆங்கிலப் படி. தமிழ்ச் சங்கத்தில் ஆங்கில நூலைப் பற்றிப் பேசலாமா என்று தமிழார்வம் மிக்க நண்பர் ஒருவர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். அந்த ஆங்கிலப் படி எங்கள் கட்டடத்தில் எவ்வாறு தமிழாயிற்று என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

கதை இது. டிப் டிப் என்று ஒரு சிறுமி. குறும்புக்காரி, ஏதேனும் ஒரு வம்பில் எப்போதும் மாட்டிக்கொள்பவள். அவளுடைய கூட்டாளி மீமோவின் பூனைதான் காப்பி. ஒருநாள் காப்பியைக் காணவில்லை. தேடப் புறப்படுகிறாள் டிப் டிப். தேடித் தேடி, கடைசியில் பார்த்தால் பூனை ஒரு மரத்தின்மேல் இருக்கிறது. டிப் டிப் சும்மா இருப்பாளா? தானும் மரத்தில் ஏறுகிறாள். ஏறிய பிறகு இறங்குவது எப்படி? அதனை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் முன்வரிசையினர் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

இவ்வளவுதான் கதை. ஆயினும் ஒரு செய்தியை நான் விட்டுவிட்டேன். டிப் டிப் சக்கர நாற்காலியில் செல்லும் சிறுமி. தெருவெல்லாம் சுற்றித் தேடுவது அந்த நாற்காலியில்தான். மரத்தில் ஏறுவது அந்த நாற்காலியை விட்டுத்தான்.

நான் கதை சொன்னபோது அதை விட்டுவிட்டாலும் கதை குறைபடவில்லை அல்லவா? நூலிலும் ஏறக்குறைய அப்படியே. அவளுக்கு என்ன நோய் வந்தது, எந்த வைத்தியர் கைவிட்டார், தாய் எத்தனை இரவு அழுதாள் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. மற்றொரு குழந்தையின் காலில் செருப்பு இருப்பதைப் போல இவளிடம் நாற்காலி இருக்கிறது. கதைக்கு வேண்டியது பூனை. அவளுக்கும் வேண்டியது பூனை.

இந்நூலை நான் முதலில் படித்துக்காட்டியது எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வசிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு. படங்களில் நாற்காலியைக் கண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன், துக்க வீட்டிற்குள் நுழைந்தவளைப் போல. குழந்தை அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, "டீச்சர் பாட்டி, இந்த மாதிரி நாற்காலி எனக்கும் வேணும்" என்றாள். எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று அவள் வியந்தாள். நான் கண்டது நோய். அவள் கண்டது சக்கரம். ஒரே பக்கத்தைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுத்தறிந்த நமக்கு ஒரு குறை உண்டு. எழுத்தைக் கண்டால் படத்தைப் பார்ப்பதில்லை. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று சொல்லப்படும் அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அது கங்கையின் வருகை என்றும் தவம் என்றும் வழிகாட்டிகள் விளக்கிக்கொண்டே இருப்பார்கள். நாமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்போம். உடன்வந்த குழந்தையோ நம் கையை உதறிவிட்டு, கீழே பெரிய யானையின் அருகில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடித்துவிடும். அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் கண்டுபிடித்துவிடும். ஏழாம் நூற்றாண்டில் அந்தப் பல்லவச் சிற்பி குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒரு வேடிக்கையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். படப் புத்தகம் என்பது தமிழனுக்கு மேனாட்டார் கொடுத்த கொடை என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், அந்தப் பூனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் போன்றோர் வளர்ந்த காலத்தில் 'அம்புலிமாமா' இருந்தது. 1947-இல் தொடங்கிய இதழ். முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் சுமந்து, கையில் வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அழ. வள்ளியப்பா அவர்களும் அவருடைய தோழர்களும் 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டு அரும்பணி ஆற்றினர். அவையெல்லாம் நமக்குக் கிடைத்த செல்வங்கள். ஆயினும் அந்நாளைய கதைகளில் எழுத்து சொன்னதையே பெரும்பாலும் படமும் சொன்னது. நான் இன்று பேசும் வகை நூல்களில் எழுத்து ஒன்றைச் சொல்லும். படம் வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் கூட்டிக்கொள்வது குழந்தையின் வேலை. அந்த வேலையில் அது நம்மைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை.

இனி, ஆங்கிலப் படி தமிழான கதை. அதே கட்டடத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகன் வீட்டிற்கு வந்து தங்கிவிட்ட ஆச்சி ஒருவர் இருக்கிறார். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியார். பேத்திக்கு ஏழு வயது. பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் இந்தி, பாடத்தில் மராத்தி, வீட்டில் மூன்றும் கலந்த ஒரு தமிழ். தமிழ் எழுத்து தெரியாது. ஆச்சி படிக்கும் நூலைப் பேத்தி படிக்க முடியாது. பேத்தி படிக்கும் நூலை ஆச்சி படிக்க முடியாது. இந்த அவையில் எத்தனை வீடுகளில் இந்நிலை என்று நான் கேட்கப்போவதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான்.

அந்தப் புத்தகத்தை நான் அவர்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை எடுக்கப் போனபோது, ஆச்சி தரையில் காலை நீட்டி அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஓரெழுத்தையும் படிக்காமல், படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன கதை. "ஏட்டி, இது கடுவன் பூனையாத்தான் இருக்கும். அதான் ஏறிட்டு இறங்கமாட்டேங்கு" என்றார். பேத்தி, "கடுவன்னா என்ன ஆச்சி?" என்றாள். ஆண் பூனைக்குக் கடுவன் என்று பெயர் என்பதும், குரங்கிலும் ஆணைக் கடுவன் என்பார்கள் என்பதும், ஆச்சியின் ஊரில் வைக்கோற்போருக்குள் குட்டி போட்ட பூனையின் கதையும் அன்று மாலை அங்கே அரங்கேறின. பேத்தி பதிலுக்கு, பள்ளியில் தோழிகள் பூனையை 'மனிமாவ்' என்று கொஞ்சுவார்கள் என்று ஆச்சிக்குக் கற்பித்தாள். ஆச்சி பொக்கை வாயால் 'மனிமாவ், மனிமாவ்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பூனைக்கு நம் மொழியில் எத்தனை பெயர்! பூனை என்றும் பூசை என்றும் சொன்னோம். காட்டில் திரிவதை வெருகு என்றோம். அதன் இளமைப் பெயர் 'குட்டி' என்பதைத் தொல்காப்பியர் மரபியலில் விதித்தே வைத்திருக்கிறார். மராத்தியர் 'மாஞ்சர்' என்பது வடமொழியின் மார்ஜாரம். அந்தச் சொல்லும் நமக்கு அயலன்று. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதைப் போல இறைவன் அடியாரைக் காப்பான் என்னும் மார்ஜார நியாயத்தை வைணவப் பெரியோர் அறிவர். வெருகையும் மார்ஜாரத்தையும் ஏழு வயதுப் பேத்திக்கு யாரும் பாடமாக நடத்தத் தேவையில்லை. ஒரு 'கடுவன்' போதும். மற்றவை தாமே பின்னால் வரும்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் அதில் சில காலம் ஆசிரியையாய் இருந்தவள்; ஆகவே இதை என்னையே நோக்கிச் சொல்லிக்கொள்வதாகக் கொள்ளுங்கள். முதல் நாளே 247 எழுத்துக்களையும் சுவரில் மாட்டிவிடுகிறோம். குழந்தை ககர வரிசையைத் தாண்டி ஙகர வரிசைக்கு வரும்போது, வாழ்நாளில் ஒருபோதும் பயன்படாத 'ஙௌ'வை எழுதச் சொல்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தைக்கு வயிற்று வலி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் டாக்டர் சூஸ் என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளர் 1957-இல் தொப்பியணிந்த பூனையொன்றைக் கதைத் தலைவனாக்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு நூல் எழுதினார். அந்நூல் முழுவதிலும் அவர் கையாண்ட வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. நம் எழுத்துக்களின் தொகையைவிடப் பதினொன்று குறைவு! அங்கே ஒரு குழந்தை 236 சொற்களில் ஒரு கதையைப் படித்து முடித்துவிடுகிறது. இங்கே நம் குழந்தை 247 எழுத்துக்களில் ஒரு கதையையும் காணாமல் வீடு திரும்புகிறது. எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிச்சுவடியால் சோறு உண்டவள் நான். பூனை முன்னே வரட்டும், ஙகரம் பின்னே வரட்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஊரைவிட்டு வந்தோர் கூடியிருக்கும் இந்த அவையில், ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு சிறுமியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1923-இல் பெர்லினில் பிறந்தவர் ஜூடித் கெர். தந்தை புகழ்பெற்ற நாடக விமர்சகர், யூதர், இட்லரை எதிர்த்து எழுதியவர். 1933-இல், சிறுமிக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது, குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறிற்று. முதலில் சுவிட்சர்லாந்து, பிறகு பிரான்சு, 1936-இல் இங்கிலாந்து. செருமன் மொழியில் பேசத் தொடங்கிய குழந்தை பிரெஞ்சு கற்று, பின் ஆங்கிலம் கற்று, அந்த மூன்றாம் மொழியில் குழந்தைகளுக்கு எழுதிப் படமும் வரைந்தார். 1970-இல் அவர் படைத்ததுதான் 'மாக்' என்னும் மறதிப் பூனை. வீட்டுக்குள் நுழையத் தனக்கென்று ஒரு சிறு கதவு இருப்பதையே மறந்துவிடும் பூனை. வீட்டில் எல்லோரும் அதனைக் கடிந்துகொள்கிறார்கள். டெபி என்னும் சிறுமி மட்டும் அதன்மேல் உயிராய் இருக்கிறாள். ஓர் இரவு அந்த மறதியாலேயே பூனை சன்னலருகே நின்று கத்த, உள்ளே புகுந்த திருடன் திடுக்கிட்டு அகப்பட்டுக்கொள்கிறான். மாக்குக்கு ஒரு பதக்கமும் நாள்தோறும் ஒரு முட்டையும் பரிசு. (நம்மில் சிலர் வீட்டில் அந்த முட்டைக்குப் பதில் தயிர்ச்சோறு என்று திருத்தி வாசிக்க நேரிடும், வாசியுங்கள், பூனை மறுக்காது.)

அந்தக் கதைகளை வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள், சமையலறை, தோட்டம், ஒரு பூனை. வேறு பெரிய உலகம் அவற்றில் இல்லை. ஒன்பது வயதில் வீட்டை இழந்த பெண், ஒரு சாதாரண வீடு எப்படியிருக்கும் என்பதை மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டே இருந்திருக்கிறார். 2002-இல் ஒரு நூலில் மாக்கை இறக்கவும் செய்தார். இறப்பைக் குழந்தைகளிடம் மறைக்கவில்லை. 2019-இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் அவரும் மறைந்தார்.

பெருமக்களே, இதுவரை சொன்னவற்றை எந்த ஆசிரியரும் சொல்லியிருப்பார். இனிச் சொல்லப்போவது என் சொந்தக் கணக்கு.

1980-களின் நடுவில், தாராவியில் நான் பணியாற்றிய தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பெயரைச் சொல்லமாட்டேன். தொண்ணூறடிச் சாலைக்கு உட்புறத்துச் சந்து ஒன்றில் அவர்கள் வீடு. தந்தை தோல் பதனிடும் கூடத்தில் வேலை. தாய் விடியுமுன் இட்லி அவித்து விற்பவர். இளம்பிள்ளைவாதம் அவளுடைய இரு கால்களையும் சூம்பச் செய்திருந்தது. அந்நாளில் அத்தகைய குழந்தை ஒவ்வொரு தெருவிலும் இருந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டுமருந்து புகட்டும் இயக்கம் 1995-இல்தான் வந்தது. 2011 சனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கையாகப் பரவும் அந்நோய்க் கிருமியால் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் நம்மை அந்நோயிலிருந்து விடுபட்ட நாடு என்று சான்றளித்தது. அவளுக்கு அது மிகவும் காலம் கடந்த செய்தி.

அண்ணன் அவளை இடுப்பில் சுமந்து வந்து வகுப்பில் விட்டுச் செல்வான். அவர்களுக்குப் பின்னால் ஒரு பூனை வரும். தலை கறுப்பு, உடல் வெளுப்பு, ஒரு காதில் பழைய கடிபட்ட வடு. பள்ளி வாயில்வரை வந்து, சுவர்மேல் ஏறி, எங்கள் வகுப்புச் சன்னலின் வெளியே உட்கார்ந்துகொள்ளும். நண்பகலில் அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு இட்லியை வெளியே நீட்டுவாள். மீன் தின்று வளர்ந்த தாராவிப் பூனை இட்லி தின்னுமா என்று கேட்காதீர்கள். அவள் கையால் கொடுத்தால் தின்றது. வேறொருவர் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவள் வகுப்புக்குள்ளும் வீட்டிலும் கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் செல்வாள். கைகளில் அப்படியொரு வலிமை. அந்தப் பூனைக்கும் அவளுக்கும் இருந்த உறவைப் பற்றி நான் பின்னாளில் நிறைய எண்ணியதுண்டு. நாம் அனைவரும் அவளைக் குனிந்து பார்த்தோம். பூனை ஒன்றுதான் நேருக்கு நேர் பார்த்தது. அது நாயைப் போல் கூப்பிட்டவுடன் ஓடிவருவதில்லை. அதனைத் தேடிப்போக வேண்டும், கட்டிலுக்கு அடியில், பானைக்குப் பின்னால், சந்தின் மூலையில். அவள் தேடிப்போனாள். வேறெதற்கும் எவரும் அவளைப் போகவிட்டதில்லை.

அவ்வாண்டுப் பள்ளி விழாவிற்கு நான் ஒரு சிறு நாடகம் எழுதினேன். பூனைக்கு மணி கட்டுவது யார் என்னும் பழங்கதை. எலிகள் பன்னிரண்டு, பூனை ஒன்று. வேடங்களைப் பங்கிட்ட அன்று அவள் கையைத் தூக்கினாள். "டீச்சர், பூனை வேசம் எனக்குக் குடுங்க. நாலு காலுல நடக்க எனக்குத்தான் நல்லா வரும்" என்றாள்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது முற்றிலும் நியாயமாகப் பட்டது. ஒருவன், "ஆமா டீச்சர்" என்றும் சொன்னான். எனக்குத்தான் கண் கலங்கிற்று. பெற்றோர் நிறைந்த அவையில் இக்குழந்தை தவழ்ந்து வந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஊனத்தைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டாள் இந்த ஆசிரியை என்று சொல்லமாட்டார்களா? "உனக்கு நல்ல குரல் அம்மா; நீ திரைக்குப் பின்னாலிருந்து மியாவ் என்று குரல் கொடு" என்றேன். அவள் சரி என்று தலையசைத்தாள். மறுபடி கேட்கவில்லை.

பூனை வேடம் வேறொரு பையனுக்குப் போயிற்று. முழங்கால் வலிக்கிறது என்று அவன் பாதி நாடகத்தில் எழுந்து நடந்தான்; துணியால் தைத்த வாலும் கழன்று விழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலை எல்லோரும் பாராட்டினார்கள். சிலர் மெய்யான பூனை என்றே எண்ணினார்கள். என் நல்லுள்ளத்தைத் தலைமையாசிரியர் மேடையிலேயே புகழ்ந்தார். நானும் அதை நம்பி நெடுங்காலம் மகிழ்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. பூனை சில நாள் சன்னலுக்கு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. இன்று அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. எங்கே இருக்கிறாளோ, நான் அறியேன்.

நாற்காலியை விட்டுவிட்டு டிப் டிப் மரத்தில் ஏறும் அந்தப் பக்கத்தை ஐந்து வயதுக் குழந்தைக்குப் படித்துக்காட்டியபோது என் குரல் ஏன் தாழ்ந்தது என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். அந்நூலை எழுதியவரும் வரைந்தவரும் அந்தச் சிறுமியிடம் கேட்டுக்கொண்டது, நான் என் மாணவியிடம் கேட்காமல் விட்ட கேள்விதான்: உனக்கு என்ன செய்ய நன்றாக வரும்?

இன்று இந்த மண்டபத்திற்கு ஏறிவரும்போது படிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. மின்தூக்கி இல்லை. நம் குடியிருப்பிலேயே சக்கர நாற்காலியில் செல்லும் ஒரு சிறுவனும், இடுப்பு முறிந்து நடக்க இயலாத ஒரு பாட்டியும் இருக்கிறார்கள். அழைப்பிதழ் அவர்கள் வீட்டிற்கும் முறையாகப் போயிருக்கிறது என்று செயலாளர் சொன்னார், அதில் ஐயமில்லை. அவர்கள் வரவில்லை. பொதுவிடங்களுக்கு அனைவரும் வந்துசெல்ல வழியிருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; சட்டத்தை நான் இங்கே எடுத்துக்காட்ட விரும்பவில்லை. சாய்தளம் கட்ட நன்கொடையும் திரட்டச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு விழாவைக் கீழே திடலில் பந்தலிட்டு நடத்தலாமா என்று மட்டும் செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். சனவரியில் மும்பையில் மழை பெய்வதில்லை. அந்தச் சிறுவனிடம் நாடகத்தில் எந்த வேடம் வேண்டும் என்று நானே போய்க் கேட்டுவருகிறேன். அவன் என்ன சொன்னாலும் மறுமொழி பேசமாட்டேன் என்று உங்கள்முன் வாக்களிக்கிறேன்.

புத்தகத்தை வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். உடன் ஐந்தாறு தமிழ்ப் படப் புத்தகங்களும் உள்ளன. குழந்தைகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்க்கலாம். பெரியவர்கள் பார்க்க விரும்பினால் ஒரு குழந்தையை உடன் அழைத்து வரவேண்டும். எந்தப் படத்தை எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டும்.

காப்பி வந்துவிட்டது என்று செயலாளர் சைகை செய்கிறார். குழந்தைகளே, அவர் சொல்வது பூனையை அன்று.